பேரிங் போன சத்தம்

இந்த ஆல்பத்தில் யாரும் எதையும் வாசிக்கவில்லை. கிடார் இல்லை, கீபோர்டு இல்லை, தட்டுவதற்கு ஒரு தகரம்கூட இல்லை. கிடாரின் சத்தத்தை உருமாற்ற அதற்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வைக்கிற எஃபெக்ட்ஸ் பெடல்களில் சிலவற்றை எடுத்து, ஒன்றின் அவுட்புட்டை அடுத்ததன் இன்புட்டில் செருகி, கடைசிப் பெடலைக் கொண்டுவந்து மறுபடி முதல் பெடலிலேயே செருகிவிட்டார்கள். சுற்று முழுமையானதும் அது தானாகவே பாடத் தொடங்கிவிட்டது. அதைப் பதிவு செய்து 1988இல் மூன்று எல்பி தட்டுகளாக வெளியிட்டார்கள். பக்கத்துக்கு ஒன்றாக ஆறு துண்டுகள், ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்கு மேல். எதற்கும் தனிப் பெயர் கிடையாது, எண்தான். ஆல்பத்தின் பெயர் 'சொலிலக்வி ஃபார் லிலித்'. செய்தவர், 'நர்ஸ் வித் வூண்ட்' என்ற பெயரில் 1978 முதல் இயங்கிவரும் ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்டேபிள்டன். உடன் இருந்தவர் டயானா ரோஜர்சன்.

பெடல் தானாகப் பாடுமா என்று கேட்பவர்களுக்குக் கோயில் கொடைத் திருவிழா மைக் செட்டைச் சொன்னால் போதும். குழாய் ஸ்பீக்கருக்கு எதிரே யாராவது மைக்கைத் தூக்கிக்கொண்டு போனால் 'கீ' என்று காதைக் கிழிக்குமே, அதுதான் இது. மைக் எடுத்த சத்தத்தை ஸ்பீக்கர் பெரிதாக்கி வெளியே விடுகிறது. அதை மைக் மறுபடி எடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கரைவதைவிடக் கூடுவது அதிகமானால், அந்தச் சுற்றுக்குத் தோதான சுருதி மட்டும் ஊதிப் பெருத்துவிடும். கொடையில் மைக் செட்காரர் ஓடிவந்து வால்யூமைக் குறைப்பார். இங்கே குறைக்க யாரும் ஓடிவரவில்லை. எந்த மின்சுற்றுக்குள்ளும் சும்மா இருக்கும்போதே மெல்லிய இரைச்சல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் விதை. அதைக் கத்தவிடாமல் முனக மட்டும் விட்டு வளர்த்திருக்கிறார்கள்.

இதைவிட விசேஷமான விஷயம் ஒன்று உண்டு. அந்த ஸ்டுடியோவின் மின்சாரத்தில் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது. ஸ்டேபிள்டன் பெடல்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சத்தம் மாறியது, விலக்கினால் வேறு மாதிரி மாறியது. தொடவே வேண்டாம். 1920ஐ ஒட்டி ரஷ்யாவில் லெவ் தெரமின் என்பவர் கண்டுபிடித்த கருவி இப்படித்தான் வேலை செய்யும், ஆன்டெனாவைச் சுற்றிக் கை அசைய அசைய சுருதி ஏறி இறங்கும். தெரமின் அதைக் கணக்குப் போட்டுச் செய்தார். ஸ்டேபிள்டனுக்கு அது ஒரு பழுதாகக் கிடைத்தது. வேறொருவராக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருப்பார்.

நானாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன். சில வருடம் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காத்தாடிக் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்த்தவன் நான். பத்திரிகையில் காற்றாலை என்று எழுதுவார்கள், ஊரில் காத்தாடிதான். அந்த வேலையில் காதுக்கு ஒரே ஒரு உபயோகம்தான், கோளாறைக் கண்டுபிடிப்பது. மெஷின் ஒழுங்காக ஓடும்போது வரும் சத்தம் மனதில் ஏறவே ஏறாது. அதிலிருந்து நூலளவு விலகினால் உடனே காது நிமிரும். ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் கூட்டின் மேல் ஊன்றி, பிடியைக் காது எலும்போடு சேர்த்து அழுத்திக் கேட்பது இங்கே எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியம். நல்ல பேரிங் வழவழவென்று ஒரே சீராக இரையும். போகப்போகிற பேரிங் அந்த இரைச்சலுக்குள் மணல் விழுந்ததுபோல நறநறக்கும். சிலது சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்று சொல்லும். அந்த 'டிக்'கைக் கேட்டவன் அன்றைக்கே எழுதிக் கொடுக்காவிட்டால் பிறகு கிரேனைத்தான் கூப்பிட வேண்டிவரும்.

இப்படிப் பழகிய காதோடு இந்த ஆல்பத்தைப் போட்டால் என்ன ஆகும்? முதல் பக்கம் முழுக்க நான் கோளாறு தேடிக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு தாழ்ந்த முனகல் மெதுவாகப் புரள்கிறது. அதற்கு மேல் உலோகத் தன்மையுள்ள ஓர் ஓசை ஏறுகிறது, கொஞ்சம் நடுங்குகிறது, வந்த வழியே இறங்குகிறது. பழையபடி ஏறும்போது அதே இடத்துக்குத்தான் வருகிறது என்று நினைப்போம், ஆனால் அரைப் பங்கு தள்ளி எங்கேயோ போய் நிற்கும். கணக்கு வைக்க முடியாது. அடுக்களையில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "மக்களே, மோட்டாரு காத்து இழுக்குதா? போய் நிறுத்து, காயில் எரிஞ்சிரும்" என்றாள். எங்கள் வீட்டில் சத்தம் என்றால் எல்லாருக்கும் இதே வைத்தியம்தான்.

இந்த வகை இசை வந்த வழியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஓடைகள். ஒன்று, லண்டனில் 'த்ராபிங் கிரிஸில்' என்ற குழு 1976இல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி. தொழிற்சாலை மனிதர்களுக்குத் தொழிற்சாலை இசை என்பது அவர்களுடைய கோஷம். மேடையில் அவர்கள் செய்ததில் பாதி, பார்ப்பவரை அதிரவைப்பதற்காகவே செய்தது. பெர்லினில் 1980இல் தொடங்கிய 'ஐன்ஸ்டுயுர்ட்சென்டே நொய்பாவ்டென்' குழுவினர் கட்டுமானக் குப்பையிலிருந்து இரும்பை அள்ளிவந்து அடித்தார்கள், மேடையில் டிரில் மிஷின் ஓட்டினார்கள். இதற்கெல்லாம் பாட்டன் ஒருவர் உண்டு. 1913இல் இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ, இனி ஆர்கெஸ்ட்ராவில் இரைச்சலுக்கும் இடம் வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதி, இரைவதற்கும் உறுமுவதற்கும் தனித்தனியாகப் பெட்டிகள் செய்து புனலும் வைத்துக் காட்டினார்.

இன்னொரு ஓடை ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோவுடையது. 1975 தொடக்கத்தில் அவர் ஒரு விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒரு பழைய ஹார்ப் இசைத் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டிமுட்டி எழுந்து அதைப் போட்டுவிட்டுப் படுத்த பிறகுதான் சத்தம் மிகவும் குறைவாக இருப்பது தெரிந்தது. ஸ்பீக்கரிலும் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. மறுபடி எழுந்துபோகத் தெம்பில்லை. வெளியே மழை. மழைக்குள்ளிருந்து ஹார்ப்பின் உரத்த சுரங்கள் மட்டும் அங்கங்கே எட்டிப் பார்த்தன. அந்தக் கிடையிலிருந்துதான் அந்த வருடமே ஓர் ஆல்பமும், சில வருடம் கழித்து விமான நிலையத்துக்கான இசையும் வந்தன. ஆம்பியன்ட் என்ற பெயரும் நிலைத்தது. கவனிக்கிறவனுக்குச் சுவையாகவும் கவனிக்காதவனுக்குத் தொந்தரவில்லாமலும் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

ஈனோவின் கட்சி எனக்குப் பிடிக்கும், ஆனால் அவருடைய விமான நிலையம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சுத்தம். த்ராபிங் கிரிஸிலோ நேர் எதிர், அவர்கள் என்னைப் பயமுறுத்தப் பார்ப்பது தெரிந்துவிடுகிறது, தெரிந்ததும் பயம் போய்விடுகிறது. ஸ்டேபிள்டனின் இந்த மூன்று தட்டுகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. மெஷின்தான், ஆனால் மிரட்டாது. பின்னணிதான், ஆனால் பின்னாலேயே நிற்கவும் செய்யாது, திடீரென்று அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

மிரட்டல் எடுபடாததற்கு ஊரும் ஒரு காரணம். தொழிற்சாலைச் சத்தம் என்றால் மேற்கே ஓர் இருண்ட படம் வருகிறது, புகைக்கூண்டும் சங்கொலியும் வேலை போன நகரமும். குமரி மாவட்டத்தில் அப்படி ஒரு நகரமே கிடையாது. இங்கே மெஷின் என்பது மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும். குலசேகரம், அருமனைப் பக்கம் போனால் காலையில் ரப்பர் பால் உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட் அடிக்கிற 'கடக் கடக்'. கருங்கல் வழியில் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற இடம். குளச்சலில் விடியும் முன்னே வள்ளங்களின் எஞ்சினும், கரையில் ஐஸ் கட்டியை உடைத்துத் துப்புகிற மிஷினும். ருஸ்ஸோலோ பெட்டி செய்து கஷ்டப்பட்டதற்குப் பதில் ஒரு நாள் குளச்சலில் தங்கியிருக்கலாம். இதில் எதைக் கேட்டாலும் எங்களுக்கு இருள் தோன்றாது. இன்றைக்குச் சம்பளம் உண்டு என்றுதான் தோன்றும்.

விநோதமான ஓசையை நின்று கேட்கும் பழக்கமும் இந்தப் பகுதிக்கு உண்டு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஒரே கல்லில் கொத்திய தூண்கள் தட்டினால் இசைக்கும். ஆரல்வாய்மொழிக் காத்தாடி மலையில், 1752இல், கிறிஸ்தவத்துக்கு மாறிய தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் மணியடிச்சான் பாறை இருக்கிறது. போகிறவர்கள் எல்லாரும் சிறு கல்லை எடுத்து அந்தப் பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள், வெண்கல மணி மாதிரியே ஒலிக்கும். அவரைப் புனிதராக அறிவித்த 2022க்குப் பிறகு அங்கே கூட்டமும் அதிகம். அந்தக் கல் ஓசை அடங்கும்போது கடைசியில் ஒரு சின்ன நடுக்கம் வருமே, ஆல்பத்தில் பல இடத்தில் வருவது அதே நடுக்கம்தான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே அது அடங்காமல் நீண்டுகொண்டே போகிறது.

காற்றைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில், வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும், அரபிக்கடல் காற்று மொத்தமும் அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. அதனால்தான் முப்பந்தலில் இத்தனை காத்தாடிகள். பழைய சிறிய காத்தாடிகள் நிமிடத்துக்கு 40 சுற்றை ஒட்டி ஓடும், மூன்று இறக்கை என்பதால் நிமிடத்துக்கு 120 வீச்சு. புதிய பெரியவை 15 சுற்றுதான், 45 வீச்சு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் நின்றால் ஒன்றின் 'வூஷ்' மற்றதின் 'வூஷ்' மேல் ஏறும், விலகும், மறுபடி ஏறும். இதோடு மேலே காற்றைப் பார்த்துத் தலை திரும்பும்போது வரும் முனகல் வேறு. ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி உள்ளே கேபிள் முறுக்கிக்கொண்டால், மெஷினே ஓட்டத்தை நிறுத்தி எதிர்ப்பக்கம் சுற்றி முறுக்கை எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கீழே நிற்பவனுக்கு வானத்தில் யாரோ கனமான இரும்புக் கதவைத் தள்ளுவதாகக் கேட்கும்.

ஆல்பத்தை ஆடி மாதம், ஜன்னலைத் திறந்து வைத்து, சத்தத்தைக் குறைத்து ஸ்பீக்கரில் கேட்பதுதான் சரி என்று முடிவுக்கு வந்தது இதனால்தான். ஹெட்ஃபோனில் கேட்டால் சுத்தமாக இருக்கும், அந்தச் சுத்தம் இதற்கு ஆகாது. ஈனோவின் மழை மாதிரி எனக்குக் கணவாய்க் காற்று. காற்று ஓங்கும்போது ஆல்பம் முழுகிப் போகும், ஓயும்போது எங்கேயோ வேறொரு இடத்தில் தலை தூக்கும். அந்த இடைவெளியில் அது என்ன செய்தது என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். கோளாறு தேடுகிற காது அப்போதுதான் எனக்கு முதன்முதலாக ஓய்ந்தது. மெஷின் சத்தம் ஒன்று ஓடுகிறது, அதில் நான் எழுதிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே கிடையாது நான்.

லிலித் யார் என்பதற்கும் வருகிறேன். ஸ்டேபிள்டனின் மகள் பெயர் அது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் பழைய யூதக் கதை இருக்கிறது. ஆதாமோடு ஒரே மண்ணில் செய்யப்பட்ட முதல் மனைவி அவள். நானும் மண், நீயும் மண், உனக்குக் கீழே நான் எதற்கு என்று கேட்டுவிட்டுப் பறந்து போனவள். போனவளைப் பிள்ளை பிடிக்கிற பேயாக்கிவிட்டார்கள். பிரசவ அறையில் அவள் வராமலிருக்கத் தாயத்து தொங்கவிட்டார்கள்.

முப்பந்தலில் காத்தாடிகளுக்கு நடுவே இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற வண்டிகள் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும். வில்லுப்பாட்டில் ஊருக்கு ஊர் கதை மாறும். ஆனால் நகைக்காக ஒருவன் அவளை நம்பவைத்துக் கள்ளியடியில் கொன்றதும், அவள் திரும்பி வந்து கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக இடுப்பில் வைத்துக்கொண்டு பழி தீர்த்ததும் மாறாது. பல கோயில்களில் இசக்கியின் கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை. அங்கேதான் பிள்ளை இல்லாதவர்கள் தொட்டில் கட்டுகிறார்கள். லிலித்தைத் தாயத்து கட்டித் துரத்தினார்கள். நாங்கள் பொங்கல் வைத்துக் கூடவே இருத்திக்கொண்டோம். எது உத்தமம் என்று கேட்டால், நான் முப்பந்தல் கட்சி.

கொடை ராத்திரியில் வில் அடிப்பதை நெருங்கி உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும். புலவர் கதை சொல்லிக்கொண்டிருப்பார், வீசுகோல் படும்போதெல்லாம் வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும், குடம் அடியில் 'பொம் பொம்' என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் கதை காதில் விழாது, மணியும் குடமும் மட்டும் மிஞ்சும். சாமி வருகிறவர்களுக்கு அந்தக் கட்டத்தில்தான் வரும். ஆல்பத்தில் சாமி யாருக்கும் வராது, அந்த உச்சமே அதில் கிடையாது. ஏறுவது மாதிரி ஏறும், கொடுக்காமல் இறங்கிவிடும். இதை ஒரு குறையாகவே சொல்கிறேன். ஆறு பக்கத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் நடுவில் ஒரு மணி நேரம் அலுப்புத்தான், ஸ்டேபிள்டனே எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார் என்று தோன்றும். ரசிகர்கள் இதையெல்லாம் ஆழம் என்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் கேட்டால் போதும் என்பேன் நான்.

போன ஆடியில் நானும் நாகர்கோவில் நண்பன் ஒருவனும் காத்தாடிச் சத்தத்தைப் பதிவு செய்யப் போனோம். மொபைல் மைக் உதவாது, காற்று மைக்கின் மேலேயே அடித்துப் 'புடபுட' என்பது மட்டும்தான் விழும். அதற்காகப் பஸ்ஸருக்குள் இருக்கும் பீசோ தகட்டை, எட்டணா அகலம் இருக்கும், வயர் பற்றவைத்து எடுத்துப் போயிருந்தோம். இது காற்றில் வரும் சத்தத்தைக் கண்டுகொள்ளாது, ஒட்டிய பொருளின் அதிர்வை மட்டும் எடுக்கும். பழைய ஸ்க்ரூ டிரைவர் வித்தையேதான்.

தெரிந்தவர் தோட்டத்தில் நிற்கிற பழைய காத்தாடி அது, கோணச் சட்டங்களைப் போல்ட் போட்டுக் கட்டிய டவர். வாட்ச்மேன் அண்ணாச்சி எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆரல்வாய்மொழிப் பக்கம் மலைக்கு மறுபுறம் மாதிரி மழை கிடையாது. மண் காய்ந்தால் கரியும் உப்பும் போட்ட குழியாக இருந்தாலும் எர்த் பிடிக்காது, குடம் குடமாக ஊற்ற வேண்டும். நாங்கள் டவர் காலில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றித் தகட்டை ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, டவருக்கு ஈசிஜி எடுக்கியளா?" என்றார்.

ஹெட்ஃபோனை அவர் காதிலேயே மாட்டிவிட்டோம். கொஞ்ச நேரம் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு விரலைத் தூக்கினார். "இது கியர் பாக்ஸ். இது போல்ட்டு ஒண்ணு லூஸா நிக்குவு, ரெண்டாமத்த தட்டுல. இது தலை திரும்புத சத்தம்லா." மேலே பார்த்தோம், தலை திரும்பிக்கொண்டிருந்தது.

அவரிடம் ஆல்பத்தையும் போட்டுக் காட்ட வேண்டும் என்று நண்பனுக்குத் தோன்றிவிட்டது. எனக்கு விருப்பமில்லை, சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, டவர் நிழலில் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணை மூடாமல் தூரத்து மலையைப் பார்த்தபடி கேட்டார்.

"இது எங்க நிக்குத காத்தாடி? பேரிங் போயிருக்கு."

காத்தாடி இல்லை அண்ணாச்சி, லண்டன்காரர் ஒருவர் செய்த இசை என்றான் நண்பன். பெடல்களைச் சுற்றி வளைத்து இணைத்ததைச் சொன்னோம், அது அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது, "மைக் செட்டு கூவுமே, அது மாதி" என்று அவரே சொன்னார். கை பக்கத்தில் போனால் சத்தம் மாறியதையும் நான் சொன்னேன். ஸ்டுடியோ கரண்டில் ஏதோ விசித்திரம், என்னவென்று யாருக்கும் தெரியாதாம் என்றேன்.

"இதுல தெரியாததுக்கு என்ன இருக்கு? எர்த் சரியில்ல" என்றார். "குழியில ஒரு குடம் தண்ணி ஊத்தியிருந்தா நின்னிருக்கும்."

நல்லவேளை ஊற்றவில்லை என்றான் நண்பன். அண்ணாச்சி அதற்குப் பதில் சொல்லவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, இதில் இன்னும் எத்தனை பாக்கி என்று கையால் கேட்டார். ஐந்து என்று விரலைக் காட்டினேன். போடு என்றார்.